பிரிவு 44: மறந்துபோன விவாதம்

பொது சிவில் சட்டம் கோருவோர் அரசியல் சட்டத்தின் 44ஆவது பிரிவைச் சுட்டுகின்றனர்; அது பிறந்த விவாதத்தை மறந்துவிடுகின்றனர். தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு எச்சமூகத்தையும் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொணர்ந்தவர், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். நாள் 1948 நவம்பர் 23. திருத்தம் ஏற்கப்படவில்லை. எனினும், விரும்பி ஏற்போருக்கு மட்டும் உரிய சட்டமாக வருங்கால நாடாளுமன்றம் அதனைத் தொடங்கலாம் என டாக்டர் அம்பேத்கர் விடையளித்தார்.

1995இல் சரளா முத்கல் வழக்கின் தீர்ப்பு, 44ஆவது பிரிவை அரசுக்கு நினைவூட்டியது. அதற்கு முந்திய 43ஆவது பிரிவோ வாழ்வதற்கேற்ற ஊதியத்தை வலியுறுத்துகிறது. திருப்பூர் பனியன் தொழிலாளிக்காக அப்பிரிவை நினைவூட்டுவோர் எத்தனை பேர்? 2024இல் உத்தராகண்ட் இயற்றிய சட்டம் பழங்குடியினருக்கு விலக்களித்தது. ஆகவே, வேறுபாட்டுக்கு இடமளிப்பது மதச்சார்பின்மைக்கு முரணன்று என்பதை அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது.

நம்மையும் நாம் வினவ வேண்டும். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விடுபட்டிருந்த விவசாய நிலத்தை, 1949இல் சென்னை மாகாணம் அதனுள் சேர்த்தது. அந்நிலத்தில் சகோதரியின் பங்கைக் கொடாதவர், எந்த ஷரீஅத்தைக் காக்கப் புறப்படுகிறார்?