யார் கையில் அதிர்கிறது?

கவிதையை வாசிப்பதுபோல ஒரு பட்டியலையும் வாசிக்கலாம். 2020இல் ஆப்பிள், ஐஓஎஸ் 14இல் ஒலிகளை அடையாளம் காணும் வசதியைத் தந்தது. அதே ஆண்டு கூகுளும் ஆண்ட்ராய்டில் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. செவித்திறன் குறைந்தவருக்காகக் கைபேசி சுற்றுப்புறத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தனக்குத் தெரிந்த ஒலி எழுந்தால் திரையில் அதன் பெயரைக் காட்டி அதிரும். தெரிந்தவை எவை? தீ எச்சரிக்கை மணி, சைரன், அழைப்புமணி, கதவு தட்டல், நாய், ஓடும் தண்ணீர், குழந்தையின் அழுகை, கூச்சல்.

கூரையில் புகைமணி பொருத்திய வீட்டில் பிறந்த பட்டியல். நம் குக்கர் விசிலுக்கு அதில் பெயர் இல்லை. 2022இல், வீட்டு அழைப்புமணியையும் சாதனங்களின் ஒலியையும் நாமே பழக்கிக்கொள்ள ஆப்பிள் வழி செய்தது. நல்லதுதான். ஆனால் தண்ணீரும் கதவும் குழந்தையும் அழைத்தால் வீட்டில் எழுந்து போவது யார்?

காது கேளாதவள் எப்படிப் பிள்ளை வளர்ப்பாள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டுப் போனதை என் மாணவி ஒருத்தி எழுதிக் காட்டியிருக்கிறாள். அந்த வாய்களை அடைக்கும் என்பதற்காகவே இந்த வசதியை வரவேற்பேன். இன்னொரு வீட்டையும் நினைத்துப் பாருங்கள். இரவில் பிள்ளை அழுதால், காது கேட்கும் கணவன்தான் எழுந்தாக வேண்டும். இனி அதிர்வது அவள் தலையணைக்கடியில். அவன் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அவளுடைய கேளாமை அவனுக்குக் கொடுத்திருந்த ஒரே வேலையைக் கருவி வாங்கி அவளிடம் சேர்த்துவிடுகிறது. அவன் கைபேசியிலும் இதே வசதி இருக்கிறது. தூக்கம் கனத்த அப்பாக்களுக்கு அதை யாரும் சிபாரிசு செய்து நான் கேட்டதில்லை.

‘கூச்சல்’ என்ற சொல்லில்தான் அதிக நேரம் நின்றேன். யார், யாரைப் பார்த்து, எதற்காக என்பதெல்லாம் அதில் இல்லை. உதவிக்கு அலறும் பெண்ணும் அவளை மிரட்டிக் கத்துபவனும் திரையில் ஒரே சொல். தன்னைப் பார்த்துக் கத்துபவனை அவள் முகத்திலேயே படித்துவிடுவாள். அதற்குக் கைபேசி வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் தன் கல்யாணமும் நகையும் முடிவாவதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. அந்தக் குரலுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. ஆபத்தான வேளைகளில் இதை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கவும் செய்கிறது.

ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி பொத்தான் உண்டு. விடுதியில் இருக்கும் அந்த மாணவி கதவு தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்திருக்கிறாள். நாய் குரைப்பதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்டாள்.