இரண்டு சென்டிமீட்டர் நாடா

கேசட் டெக்கைப் பிரித்து எக்கோ செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது மோட்டாரில். பின்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் ப்ரீசெட்டைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். வேகம் கூடினால் ட்ரெபிள் தெளியும், எக்கோ சுருங்கும் என்பது அவர்கள் கணக்கு. 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 கூட நாடாவை இரட்டை வேகத்தில்தான் ஓட்டியது என்று ஆதாரமும் காட்டுவார்கள். பாட்டைப் பதிவதற்கு அது சரி. எக்கோவுக்கு வேண்டாம் என்பேன். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்கிற அந்த மந்த நடையை விட்டுவிட்டால், கேசட்டில் இதைச் செய்வதற்கான காரணமே போய்விடுகிறது.

அழிக்கும் ஹெட் இருந்த இடத்தில் பதியும் ஹெட்டை உட்கார வைத்து, நடு ஹெட்டைப் படிக்க விடுகிறோம். இரண்டுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் விட்டால் 420 மில்லிசெகண்ட் கிடைக்கும். நிமிடத்துக்கு 72 அடி போகும் ரெகே பாட்டில் ஓர் அடி 833 மில்லிசெகண்ட். அதில் பாதி 417. கிட்டார் வெட்டி வெட்டி விழுகிற அந்த எதிரடியிலேயே எக்கோ தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது! மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் சாம் பிலிப்ஸ் எல்விஸின் குரலுக்குக் கொடுத்த சுருக்கென்ற எக்கோவை விரும்புகிறவர்களுக்கு இது உதவாது. சுமார் 130 மில்லிசெகண்டுக்கு, கேசட் வேகத்தில் ஹெட்டுகள் 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு ஹெட்டின் அகலமே அதைவிட அதிகம். அவர்கள் ரசனை அவர்களுக்கு. ஆம்பெக்ஸ் டேப் மெஷின் தேடிப் போகட்டும். கேசட் எக்கோவின் தாய்வீடு ரெகே பிறந்த ஜமைக்காவின் கிங்ஸ்டன்தான்.

அதாவது அங்கே டப் கலவைகள் செய்த கிங் டப்பி. ஆஸ்போர்ன் ருடாக் என்கிற அந்த மனிதர் கேசட்டில் எக்கோ செய்யவில்லை, தெரியும். பழைய இரண்டு டிராக் மெஷினின் ஹெட்டுகளில் நாடா வளையத்தை ஓட்டினார் என்பார்கள். ஆனாலும் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்து, ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பிழைத்த ஒருவர், வாட்டர்ஹவுஸில் தன் வீட்டுக் குளியலறையையே குரல் பதியும் அறையாக்கி, இன்னொரு ஸ்டுடியோ கழித்துவிட்ட எம்.சி.ஐ. மிக்ஸரை வைத்துக்கொண்டு செய்ததைக் கேட்ட பிறகு, கையால் செய்த எக்கோவை மட்டமாகப் பேச யாருக்கும் வாய் வராது. 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' கேளுங்கள். ஜேக்கப் மில்லரின் குரலை முக்கால்வாசி மூடிவிட்டு, ஒன்றிரண்டு அசையை மட்டும் திறந்து எக்கோவுக்குள் தள்ளுகிறார். அந்த அசை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் இருண்டு, கொஞ்சம் தேய்ந்து வருகிறது. நான் தேடுவது அந்த இருட்டைத்தான்.

அந்த இருட்டைத் தீர்மானிப்பது சர்க்யூட் இல்லை. கேசட்டின் நடுவில், செப்பு நிறத் தகட்டு ஸ்பிரிங்கின் மேல் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துண்டுதான். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி இந்த வேகத்தில் நாடாவின் மேல் 4.76 மைக்ரான் நீளம்தான் இருக்கும். படிக்கும் ஹெட்டிலிருந்து நாடா ஒரே ஒரு மைக்ரான் விலகினாலும் 11 டெசிபெலுக்கு மேல் பறிபோகும். நடு ஹெட்டுக்கு ஃபெல்ட் இருக்கிறது. நாம் இடது பக்கம் புதிதாக வைத்த பதியும் ஹெட்டுக்கு அது கிடையாது. நாடா அங்கே சும்மா உரசிக்கொண்டு போகும். எக்கோ போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். செத்துப்போன கேசட்டிலிருந்து ஃபெல்ட்டைத் தகட்டோடு பெயர்த்து அங்கேயும் வைக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் முழு வித்தையும். இறுக்கினால் குரல் பளிச்சென்று திரும்பும், ஆனால் நாடா திணறிச் சுருதி நடுங்கும். தளர்த்தினால் மூன்றாம் எக்கோவிலேயே சொல் கரைந்து வெறும் ஓசையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. நாலாவது திரும்பலில் மெய்யெழுத்துகள் போய் உயிர் மட்டும் நிற்கும் இடம். டோன் கன்ட்ரோலைத் திருகி அதைக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று: அழிக்கும் ஹெட்டைக் கழற்றலாம், வயரைத் துண்டிக்காதீர்கள். பல டெக்குகளில் பயாஸ் ஆஸிலேட்டர் அந்தச் சுருளை நம்பித்தான் ஓடுகிறது. ஹெட்டை ஓரமாக ஒட்டிவிட்டு வயரை அப்படியே விடுங்கள்.

எக்கோவை எப்போது கொடுப்பது என்பது தனிக் கலை. சின்ன வயதில் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் மேடையை விட்டு மைக் செட்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாடகர் வரியை இழுத்து முடிக்கும் இடத்தில் மட்டும் அவர் விரல் குமிழைத் தொடும்; அடுத்த வரி தொடங்குவதற்குள் இறக்கிவிடுவார். டப்பியின் கணக்கும் அதுவேதான். இன்று கல்யாண மண்டபத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எக்கோ ஒரே அளவில் திறந்து கிடக்கிறது. நாதஸ்வரத்துக்குக்கூட விடுகிறார்கள்! பிருகா மேல் பிருகா வந்து விழுந்து ஒன்றும் புரிவதில்லை. குமிழுக்குப் பக்கத்தில் ஆளே இருப்பதில்லை.

ரோலண்டின் ஸ்பேஸ் எக்கோவை நண்பர்கள் கொண்டாடுகிறார்கள். இன்னொரு டப் கலைஞரான லீ பெர்ரி அதை வைத்துச் செய்தவற்றுக்கு நானும் அடிமைதான். ஆனால் மூன்று படிக்கும் ஹெட்டும் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கும் வசதியும் கைக்கு வந்துவிட்டால், மனம் பாட்டை விட்டு மெஷினிடம் போய்விடுகிறது. ஒரே இடைவெளி, ஒரே வேகம் என்றிருந்தால் பாட்டின் நடையை நாம்தான் அதற்கு ஒத்துவர வைக்க வேண்டும்.

டெக் பழையதாக இருக்கட்டும். இப்போது புதிதாக வரும் கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவை தனாஷின் நிறுவனத்தின் பழைய அமைப்பைப் பார்த்து மலிவாகச் செய்த நகல்கள். ஃப்ளைவீலில் கனம் கிடையாது. எக்கோவில் சுருதி கொஞ்சம் அசைந்தால் அழகு, ஆனால் இவற்றில் அது தள்ளாடுகிறது. சென்னை ரிட்சி தெருவில் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள், கனமான ஃப்ளைவீலோடு ஒன்று அகப்படும். வளையக் கேசட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அழிக்கும் ஹெட் இல்லாததால் பழைய ஒலி முழுதாகப் போகாது, ஒட்டுப் போட்ட இடமும் சுற்றுக்கு ஒரு தடவை இடறும். சாதாரண ஃபெரிக் சி-60 போதும். சி-90 நாடா மெல்லியது, இழுபடும். வேறொரு டெக்கில் முழுக்க அழித்துவிட்டுப் போட்டால் பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும்.