கடல் தாண்டிய சோறும் சாதியும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சோற்றில்தான் தொடங்கும். குளிர், புரியாத உச்சரிப்பு, வாய்க்கு ஒவ்வாத ரொட்டி, அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய். எம்.ஏ. தமிழ் படித்த காலத்திலிருந்து இந்த வகை எழுத்தை நிறையவே வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வரும். ஊரை நினைத்து இவ்வளவு ஏங்க வேண்டுமென்றால் ஊர் அவரை நல்லபடியாக வைத்திருக்க வேண்டுமே! ஊர் ஒதுக்கி வைத்தவன் கடல் தாண்டிப் போனால் எதை நினைத்து ஏங்குவான்? அவன் எழுதினால் என்ன எழுதுவான்?

இந்தக் கேள்வியோடு இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். ஒன்று காந்தியின் 'சத்திய சோதனை'. மற்றது பாபாசாகேப் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1930களில் அவர் கைப்பட எழுதி வைத்த இந்தச் சிறு நூல் 1990இல்தான் தனியாக அச்சேறியது.

காந்தி 1888இல் சட்டம் படிக்க லண்டன் போகிறார். கடல் தாண்டுவது தீட்டு என்று பம்பாயில் அவரது மோத் பனியா சாதியார் கூடிச் சாதிவிலக்குச் செய்கிறார்கள். இறைச்சி தொடமாட்டேன் என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர், பசியோடு தெருத்தெருவாக அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிக்கிறார். நடனம் பழகுகிறார், வயலின் வாங்குகிறார். அத்தியாயம் அத்தியாயமாக விரிகிறது இந்தக் கதை. 1891இல் திரும்பியதும் அண்ணன் அவரை நாசிக்கில் ஆற்றில் முழுக வைத்து, ராஜ்கோட்டில் சாதிக்கு விருந்தும் போடுகிறார். சாதியில் ஒரு பகுதி அவரைச் சேர்த்துக்கொள்கிறது.

அவர் மறைக்காமல் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரதியில் சாதி என்பது என்ன? ஒரு மாணவன் கடலில் தொலைத்துவிட்டு, ஊருக்கு வந்து முழுக்குப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிற சொத்து.

இப்போது பாபாசாகேப். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க்கில் இறங்குகிறார். கொலம்பியா பல்கலைக்கழகம். முதலில் தங்கிய ஹார்ட்லி ஹால் விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறுகிறார். பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு ஒரே அறை. அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது. 1915இல் எம்.ஏ. 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரை வாசிக்கிறார். பிறகு லண்டன்.

இவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவரே எழுதிய இந்த நூலில், யார் அனுப்பி எங்கே படித்தார் என்பதைத் தவிர, இவற்றில் வேறொன்றும் இல்லை. சாப்பாடு இல்லை, குளிர் இல்லை, விடுதி இல்லை. அந்த ஆண்டுகள் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டன என்கிற பொருளில் ஒரே ஒரு பேச்சு. அவ்வளவுதான்.

இலக்கிய விமர்சகர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லக்கூடும். எனக்கு இந்த மௌனம்தான் அந்நூலின் மிகப்பெரிய பேச்சாகப் படுகிறது. குடிக்கத் தண்ணீர் எடுக்கும்போது யாரும் பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எழுந்து போகவில்லை. இதை என்னவென்று எழுதுவது? வலி இல்லாத நாளுக்கு நாட்குறிப்பு எதற்கு?

அதற்காக அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கறுப்பு மக்களை ஒடுக்கி வைத்த நாடுதான் அது. அது பாபாசாகேபுக்கும் தெரியும், 1946இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

நூலில் விடுதிப் பிரச்சினை வருவது நியூயார்க்கில் அல்ல, பரோடாவில். உதவித்தொகை ஒப்பந்தப்படி வேலை பார்க்க 1917இல் அங்கே ரயிலைவிட்டு இறங்குகிறார். எங்கே தங்குவது என்ற கேள்வி அப்போதுதான் வந்து நிற்கிறது. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. அமெரிக்காவுக்குப் படிக்க வந்திருந்த நண்பர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். போனால் வீட்டுக்குள் கூப்பிடுவார்களா? அவருக்கு நம்பிக்கை இல்லை. போகவில்லை. என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான். அங்கே கிடைத்த நட்பு இங்கே வாசற்படி தாண்டுமா என்று தெரியவில்லை.

கடைசியில் பார்சிப் பெயரில் பதிவு செய்து ஒரு பார்சி விடுதியில் ஏறுகிறார். ஆளில்லாத மாடி, மங்கிய விளக்கு. பதினோராம் நாள் தடிகளோடு பார்சிகள் வந்து நிற்கிறார்கள். அறை நண்பனாக இருந்தவரும் ஒரு பார்சி, தடியோடு வந்தவர்களும் பார்சிகள். தங்க இடம் கேட்ட இரண்டு நண்பர்களும், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், கைவிரிக்கிறார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். தலைப்பில் இருக்கிற விசா எந்த நாட்டுக்கு என்பது இங்கேதான் புரிகிறது. சொந்த நாட்டுக்குள் நுழைய விசா.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? எங்க தெருப் பையன் ஒருவன் வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போயிருக்கிறான். எங்க தெருவில் முதல் ஆள். போன மாதம் போனில் பேசினான். "அண்ணே, ரூம்ல எல்லாம் நம்ம நாட்டுப் பசங்கதான். மொத நாளே வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கேட்டானுங்க. அப்புறம் எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டானுங்க. நான் வெஜ்ஜுன்னு சொல்லிட்டேன்." மாட்டுக்கறி தின்று வளர்ந்த பிள்ளை. சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாபாசாகேபுக்கு பரோடாவில் தேவைப்பட்ட பொய்ப் பெயர் இவனுக்கு வெளிநாட்டிலேயே தேவைப்படுகிறது. அவர் மறக்க முடிந்த இடத்துக்கும் சாதி இந்துக்கள் பின்னாலேயே சாதியைக் கொண்டுபோய்விட்டார்கள். இது என் கற்பனையல்ல. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும், 2023இல் சியாட்டில் நகரமும் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டி வந்தது.

ஆகவே ஊறுகாய்க் கதைகள் போதும். அந்த அறையில் 'வெஜ்' என்று சொல்லிவிட்டுத் தூங்காமல் கிடந்த இரவை அவன் எழுத வேண்டும். போனில் அதைத்தான் சொன்னேன். "எழுதினா ரூம்ல இருக்க விடமாட்டானுங்கண்ணே" என்றான். பரோடா மாடியில் இருந்தவரும் உடனே எழுதவில்லை, பல வருஷம் கழித்துத்தான் எழுதினார் என்றேன். எழுதும்போது அவர் தன் பெயரில் எழுதினார்.