கையெழுத்தோடு நின்ற பாடம்

முதியோர் கல்வி என்றதும் நம்மூரில் பேச்சு புதுக்கோட்டையில்தான் போய் நிற்கும். 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் மிதித்த பெண்கள். பி. சாய்நாத் எழுதி, இந்திப் பாடப்புத்தகம் வரை போன கதை அது. பாராட்டத் தக்கதுதான். பாராட்டிப் பாராட்டியே அதை அலசாமல் விட்டுவிட்டோம்.

அ, ஆ என்று தொடங்காமல் புழக்கத்தில் உள்ள சொற்களிலிருந்து எழுத்துக்குப் போனது அறிவொளி. அதைவிடப் பெரிய விஷயம், எழுத்தைப் பிழைப்போடு சேர்த்துக் கட்டியது. புதுக்கோட்டையில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். எத்தனை லோடு போனது, யாருக்கு எவ்வளவு கூலி என்று தாங்களே கணக்கு வைக்க வேண்டி வந்தபோது, எண்ணும் எழுத்தும் அன்றாடத் தேவையாயின. சைக்கிளும் அப்படித்தான்: தண்ணீர்க்குடத்தைக் கேரியரில் வைத்துக் கொண்டுவரலாம், பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்க வேண்டாம். சொல்லிக்கொடுக்க வந்த இளம்பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நாலு பேர் நடுவே நின்று பேசும் துணிச்சல் அவர்களுக்கு வந்தது. இயக்கத்தில் அதிகம் கற்றவர்கள் அவர்கள்தான் என்பேன்.

கோளாறு, இலக்கில் இருந்தது. மூன்று பாடப்புத்தகங்கள், ஏறத்தாழ 200 மணி நேரம், ஒரு தேர்வு என்பது தேசிய அளவிலான ஏற்பாடு. இலக்கை எட்டியதும் ‘முழு எழுத்தறிவு மாவட்டம்’ என்று அறிவிப்பார்கள். மேடை, மாலை, அத்தோடு சரி. ஆட்சியர் மாறுவார், தொண்டர்கள் வேலைக்கோ புகுந்த வீட்டுக்கோ போய்விடுவார்கள். எழுத்து அரைகுறையாக நின்றவர்களுக்கு அது சீக்கிரமே மறந்துபோகும். நாடு முழுவதற்குமான இந்த இயக்கங்களை மதிப்பிட்ட அருண் கோஷ் குழு 1994-லேயே இதைக் கவலையோடு குறித்தது.

அதன் விளைவை இன்றும் வங்கி கவுன்ட்டரில் பார்க்கலாம். சலானில் பெயரை நிதானமாக, கோணல் இல்லாமல் எழுதுகிறார் ஒரு அம்மா. பாஸ்புக்கில் வரவு எது, பற்று எது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். மைப்பெட்டியிலிருந்து விரல் விடுபட்டது சின்ன விஷயமல்ல. ஆனால் எழுத்தறிவு என்று நாம் கணக்கில் எழுதிக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தைத்தான்.

கேரளமும் 1989-இல் எர்ணாகுளத்தில் இதே போன்ற இயக்கத்தோடுதான் தொடங்கியது. ஆனால் அங்கே எழுத்தறிவு இயக்கத்தை நிரந்தர அமைப்பாக்கி, நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்புகளை அடுக்கடுக்காக வைத்தார்கள். 2018-இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் வாங்கிய கார்த்தியாயினி அம்மாவுக்கு அடுத்த படி ஒன்று காத்திருந்தது. ஆனால் செய்தித்தாள்கள் கண்டுகொண்டது அவர் வயதை மட்டும்தான்.

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை. 15 வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். நல்லது. ஆனால் இதுவும் சம்பளமில்லாத் தொண்டர்களையும் 150 மதிப்பெண் தேர்வையும் நம்பியே நடக்கிறது. தேர்வெழுதியவர் மறுநாள் எதைப் படிப்பார்? 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் பூட்டிக் கிடப்பவை பல. கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் அவற்றைத் திறந்துவைக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பெரிய எழுத்துப் புத்தகங்களோடு பாஸ்புக், ரேஷன் கார்டு, பட்டா எல்லாவற்றையும் அங்கே பாடமாக்கலாம்.