வேலையோடு வந்த வீடு: தோட்டத் தமிழர் குடியிருப்பும் கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலும்

கே.எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவல் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. கெடா மாநிலத்துப் பீடோங்கைக் களமாகக் கொண்ட இந்நாவலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பண்பாட்டு முரண் என்னும் கருத்தையே மையப்படுத்துகின்றன. ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியராகும் ரவியை ஒருபுறமும், தாயக நினைவுகளோடு வாழும் பாட்டி பெரியதாயையும் தந்தை நைனாவையும் மறுபுறமும் நிறுத்தி, இரண்டு உலகங்களின் மோதலாக நாவலை விளக்குவது வழக்கம். இவ்விளக்கம் பிழையானதன்று. ஆயினும் நாவலின் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து வரும் ஒரு பொருளை அது எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறது. அப்பொருள் நிலம்.

பெரியதாய் தனதென்று நம்பி வாழ்ந்த வீட்டின் மீது அவளுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்பது பின்னரே தெரியவருகிறது. அவளுடைய மகன் நைனா முதுமையில் ஆற்றங்கரையில் உரிமையில்லாத நிலத்தில் வீடெழுப்புகிறார். வெளியேறுமாறு கூறப்பட்ட பின்னும் அகல மறுக்கிறார். இறுதியில் அவ்வீட்டோடு எரிந்து மாய்கிறார். இதனை மனப்பிறழ்வாகவோ வேர்களைத் தேடும் ஆன்மத் தவிப்பாகவோ மட்டும் காணும் திறனாய்வாளர், இந்நாட்டில் தமிழர் எங்கு வாழலாம் என்பதை யார் முடிவு செய்தனர் என்ற வினாவை எழுப்புவதில்லை.

இவ்வினாவுக்கு விடை காண ரப்பர்த் தோட்டத்தின் அமைப்பை நோக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, கங்காணி முறையின்வழிக் கொணரப்பட்ட தொழிலாளர்க்கு லயத்து வீடுகள் தரப்பட்டன. வீடு கூலியின் ஒரு பகுதி. வேலை போனால் வீடும் போய்விடும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது, பெருந்தொகையான தமிழர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். ரப்பர் விலைக்கும் குடியிருப்புக்கும் இடையிலான தொடர்பு அந்த அளவுக்கு நேரடியானது. தோட்டத்தில் கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, இடுகாடு எல்லாம் இருந்தன. ஆகவே அது ஊர் போலத் தோன்றியது. ஆனால் அவ்வூரில் எவர்க்கும் மனைப்பட்டா இல்லை.

இதன் விளைவு அவசரகாலத்தில் (1948–1960) மிகத் தெளிவாக வெளிப்பட்டது. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். அது வலிந்து செய்யப்பட்ட இடமாற்றம். முள்வேலியும் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் உடையது. எனினும் அக்குடும்பங்களுக்கு வீடு கட்ட மனை ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் அக்கிராமங்கள் பல நிலைத்த சிற்றூர்களாக வளர்ந்தன. தோட்டத் தொழிலாளர்க்கு நேர்ந்தது வேறு. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு வேலியிடப்பட்டன. நிலம் கம்பெனியிடமே இருந்தது. தொழிலாளர் வேலைத்தலத்தை விட்டு அகலவும் கூடாது. ஒரே போரில் ஒரே அரசு வகுத்த கொள்கை, ஒரு சாரார்க்குக் கிராமத்தையும் மற்றொரு சாரார்க்கு வேலி சூழ்ந்த லயத்தையும் தந்தது. நம் ஆய்வுகளில் இவ்வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும்.

1950களில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்று வெளியேறினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அசிஸ் விரிவாக ஆய்ந்துள்ளார். இதற்கு மறுமொழியாகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டத்தின் பங்காளராகலாம் என்பது அதன் அடிப்படை. அதே காலத்தில், 1956இல் தோன்றிய பெல்டா நிலமில்லாதோர்க்கு நிலமும் வீடும் வழங்கத் தொடங்கியிருந்தது. பகாங்கின் லூரா பீலுட் போன்ற திட்டங்களில் இந்தியரும் சிலர் இடம்பெற்றனர் என்றாலும், குடியேறிகளுள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரரே. தலைமுறைகளாகப் பால்மரம் சீவியோர், பால்மரம் நட்டுக் குடியமர்த்தும் திட்டத்தின் விளிம்பில் நின்றனர் என்பது கசப்பான முரண். 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது.

நாவல் வெளிவந்த அதே 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. அது தேசிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது, கொண்டாடத்தக்கதுந்தான். லயத்து வீட்டில் இருந்தவர்க்கோ உரிமையாளரின் பெயர்தான் மாறியது. அடுத்த இருபதாண்டுகளில் பல தோட்டங்களில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நகர்ப்புறத்துப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடுகள் பெருகின.

இம்மாற்றத்தின் மிகத் துலக்கமான சான்று புத்ராஜெயா ஆகும். முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டத்திற்கு அப்போரின் நினைவாகப் பெராங் பெசார் எனப் பெயரிட்டனர். அங்கு உருவாக்கப்பட்ட ‘பிபி’ வகை ரப்பர்க் கன்றுகள் இன்றும் அத்தோட்டத்தின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கி வருகின்றன. 1990களின் நடுவில் கூட்டரசு நிர்வாகத் தலைநகருக்காக அந்நிலமும் அண்டைத் தோட்டங்களும் எடுக்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா மலிவு விலை அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. அக்கட்டடங்களில் விரிசல் கண்டது. தரைவீட்டுக்கான அவர்களின் கோரிக்கை இருபதாண்டுக்கு மேல் நீண்டது.

இப்பின்னணியில் நைனாவை மீண்டும் நோக்குவோமாயின், அவருடைய செயல் அத்துணை விந்தையாகத் தோன்றாது. ஆற்றங்கரையில் அவர் கேட்பது, தோட்டத்துக்கு வெளியே, எந்த முதலாளியின் வேலையோடும் பிணைக்கப்படாத ஒரு வீடு. மணியம் அவரைத் தெய்வ ஆவேசம் கொண்டவராகத் தீட்டியிருப்பது நாவலின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகலாம். ஆவேசத்தின் ஒளியில் நில அலுவலகம் மங்கிப்போகிறது. வாசகனும் சட்டத்தை மறந்து மனிதனின் பித்தையே பார்க்கிறான். நம் தமிழ்ச் சிறுகதைகளிலும் இக்குறை வேறு வடிவில் உண்டு. தோட்டம் அழிந்ததை எண்ணி ஏங்கும் கதைகள் பல. அத்தோட்டம் முன்னரும் நமதாக இருந்ததில்லை என்று உணர்த்தும் கதைகள் சிலவே.

நாவலில் நிழலாடும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், மக்கள் வழக்கில் டி.ஓ.எல்., 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. அது ஒவ்வோராண்டின் இறுதியிலும் காலாவதியாகும். புதுப்பிப்பது அதிகாரிகளின் விருப்பம். அதனை மற்றவர்க்கு மாற்றிக் கொடுக்க இயலாது. பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். பெரியதாயிடமிருந்து நைனாவுக்கும் நைனாவிடமிருந்து ரவிக்கும் வீடு கைமாறாதது ஏன் என்பதற்குப் பண்பாட்டு முரணைவிட இவ்விதி தெளிவான விளக்கம் தருகிறது.