பல்லுக்கு அகப்படாத பழசு

திருவண்ணாமலை அரிசி மண்டிகளில் விலை பேசுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கடைக்காரர் குத்தூசியை மூட்டையில் செருகி உருவுவார். வாங்க வந்தவர் கையில் விழுந்த அரிசியைப் பரப்பி நிறம் பார்ப்பார், ஊதுவார், முகர்வார், நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். ‘டக்’கென்று உடைந்தால் பழசு, நசுங்கிப் பல்லில் ஒட்டினால் புதுசு. அரை நிமிடத்தில் தீர்ப்பு. மூட்டையின் விலை அதை ஒட்டியே ஏறும், இறங்கும்.

இந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆரணி அரிசிக்குப் பேர்போன மாவட்டம் இது. இங்கே பழசுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வெறும் வீம்பு இல்லை. இருப்பில் இருக்கும் அரிசியில் மாவுச்சத்து அதிகம் மாறுவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள புரதம் இறுகுகிறது. கொழுப்பு சிதைந்து கொழுப்பமிலமாகி மாவுச்சத்தோடு பிணைகிறது. அதனால் பழைய அரிசி உலையில் கூடுதல் தண்ணீர் கேட்கும், மெதுவாக வேகும், பருத்து நிற்கும், உதிரியாக விழும். கஞ்சி தெளிவாக வடியும். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு முதல் மூன்று நான்கு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. ‘ரெண்டு வருஷப் பழசு’ என்று சொல்லி வாங்கும் அதிக விலையில் ஒரு பகுதி சோற்றுக்கு. மீதி, முடங்கிய முதலுக்கான வட்டியும் வண்டு தின்ற எடையும்.

பௌர்ணமி கிரிவல நாளில் அண்டா அண்டாவாக வடிக்கும் அன்னதானச் சமையலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புது அரிசியை அந்த அளவில் வடித்தால் மேல் சோற்றின் பாரத்தில் அடிச்சோறு களியாகிவிடும். கரண்டியில் அள்ளினால் கட்டியாக வரும். பழசு என்றால் கடைசிப் பந்தி வரை பருக்கை பருக்கையாக நிற்கும். அங்கே சமையல்காரர் பழசுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் கடித்துப் பார்ப்பதில்தான். பல்லுக்குத் தெரிவது ஈரம் மட்டுமே. அறுவடையான புதிதில் நெல்லில் ஈரம் கூடுதல், அதனால் அரிசி நசுங்கும். காலம் போகப் போகக் காய்ந்து கண்ணாடி மாதிரி உடையும். ஆனால் மில்லில் நன்றாக உலர்த்திய போன மாத நெல்லின் அரிசியும் அதே ‘டக்’ சத்தத்தைத்தான் தரும். மழைக்காலத்தில் திறந்து வைத்த மூட்டையின் பழைய அரிசி ஈரம் இழுத்துப் புதுசு போல நசுங்கும். நிறமும் நம்பத்தக்க சாட்சி இல்லை: பாலிஷ் கூடினால் பழுப்பு போய்விடும். மூக்கு பரவாயில்லை, கொழுப்பு காறிப்போன சிக்கு வாடையை எந்தப் பாலிஷும் முழுக்க மறைக்காது. மூன்று சோதனைகளில் மூக்கையே நான் நம்புவேன். அதைத்தான் பலரும் ஒப்புக்குச் செய்கிறார்கள்.

ஸ்டீம் அரிசி வந்த பிறகு நிலைமை இன்னும் குழம்பிவிட்டது. புது நெல்லுக்கு ஆவி காட்டி அரைத்தால் சோறு பழைய அரிசிச் சோறு போல உதிரியாக வரும். அது குற்றமில்லை, ஸ்டீம் என்று சொல்லி விற்கும்வரை. புழுங்கலில் கதை வேறு: அவித்தபோதே மாவுச்சத்து வெந்து இறுகிவிடுவதால் பச்சரிசி அளவுக்கு வயது அதில் வேலை செய்வதில்லை. இருந்தும் இரண்டுக்கும் பழசு என்ற ஒரே சொல்லைச் சொல்லி விலை கூட்டுகிறார்கள். ஆய்வகச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. குவையக்காலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால் புதுப் பச்சரிசி செம்பழுப்பாகும், பழசில் நிறம் மங்கும். அவித்த அரிசியில் அந்த நிறத்தைத் தரும் நொதி சூட்டிலேயே செத்துப்போயிருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, பானை ஒரே உலை. மூட்டை அப்படியல்ல. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று இந்தப் பக்கம் மூன்று பட்டம். மூன்றின் அரிசியும் ஒரே மூட்டையில் கலந்திருக்கலாம். குத்தூசி தொட்ட இடத்தின் வயதைத்தான் நாலு மணி சொல்லும்.

இதைவிடப் பெரிய குறை, பழசு என்றால் உசத்தி, புதுசு என்றால் மட்டம் என்று ஏணி கட்டிவிட்டது. பொங்கலுக்கு வேண்டியது குழைவு; அங்கே புதுப் பச்சரிசிதான் ராஜா. எதற்கு என்று கேட்காமல் எத்தனை மாதம் என்று கேட்பது பாதிக் கேள்வி.

சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் வேறு இடங்களிலும் உண்டு. பிரான்சின் போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, பீப்பாயில் இருக்கும் சிவப்பு ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்கிறார்கள். பத்து, இருபது ஆண்டு கழித்து அதையே மறுபடி சுவைத்துப் பழைய தீர்ப்பைத் திருத்தவும் செய்கிறார்கள். உச்சம் தாண்டிவிட்டது என்று கூசாமல் எழுதுவார்கள். திராட்சை பறித்த ஆண்டு புட்டியிலேயே அச்சாகியிருப்பதால் நாக்கு சொன்னதைச் சரிபார்க்க ஓர் ஆதாரம் இருக்கிறது. நம் அரிசிப் பையில் இருப்பது பையில் அடைத்த மாதம். நெல் அறுத்த மாதம் இல்லை. சுவைப்பவர் தவறினாலும் தவறியது யாருக்கும் தெரியாது. எனவே அவர் திறமை வளரவும் வழியில்லை.

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ மூட்டையைக் கண்டுபிடித்த வியாபாரம் இது. அறுவடை மாதத்தையும் பட்டத்தையும் ஒரு வரியில் அச்சிட அதனால் முடியாதா? மில்காரர்கள் அதைச் செய்ய வேண்டும். அதுவரை வாங்குபவர்கள் கடிப்பதோடு நிற்காமல், மூட்டையின் மேலும் அடியிலும் ஒவ்வொரு பிடி வாங்கிப் போய் வீட்டில் தனித்தனியாக வடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி உதிரியாக வெந்தால் மட்டும் பழசுக்கான விலையைக் கொடுங்கள்.