திரை இருக்கிறது, பாடம் எங்கே?



பல்லூடகம் என்றதும் நம்மில் பலருக்கு பவர்பாய்ண்ட்தான் நினைவுக்கு வரும். பாடநூல் பக்கத்தை அப்படியே ஒட்டி, எழுத்துகளைப் பறக்கவிட்டு, பீடிகைக்கு ஒரு பாட்டைப் போட்டால் வேலை முடிந்தது. கரும்பலகைக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்!

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினியும் புரொஜெக்டரும் தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்தன. கூடவே வந்த குறுவட்டுப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கருவி நம் கைக்கு வந்தது. பாடத்தை வேறு யாரோ செய்தார்கள். பிறகு 1பெஸ்தாரிநெட் வந்தது, 2020இல் டெலிமா வந்தது. யாராவது செய்து தரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. இத்தனைக்கும் கணினித் தமிழில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது.

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது; பிள்ளைகளில் பலர் தாமானில் இருக்கிறார்கள். மங்கு, காண்டா, நிரை, பிரட்டு எல்லாம் தாத்தா பாட்டியின் வாயில்தான் மிச்சம். இதை எந்தக் குறுவட்டும் கொண்டுவராது. உங்கள் கைப்பேசி கொண்டுவரும்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், அனுமதி கேட்டு, பாட்டியின் பேச்சை மூன்று நிமிடம் பதிவு செய்யட்டும். “வெள்ளன எந்திரிச்சு பிரட்டுக்குப் போவோம்” என்று பாட்டி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அதைப் போட்டுக் கேட்டால் கேட்டல் பேச்சுப் பாடம். “விடியற்காலையில் எழுந்து பிரட்டுக்குச் செல்வோம்” என்று மாற்றி எழுதினால் எழுத்துப் பாடம். ‘எந்திரிச்சு’ எப்படி ‘எழுந்து’ ஆனது என்று கேட்டால் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் அங்கேயே விளங்கிவிடும். ல, ள, ழ தடுமாறும் பிள்ளை தன் வாசிப்பைத் தானே பதிவு செய்து கேட்கட்டும். நாம் பத்து முறை திருத்துவதைவிட, தன் காதால் ஒருமுறை கேட்பது பலன் தரும்.

மாணவர் குறைந்து, இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது இன்னும் உதவும். ஒரு குழு பதிவைக் கேட்டு வினாக்களுக்கு விடை எழுதும். மற்ற குழுவோடு நீங்கள் உட்காரலாம்.

“லைன் இல்ல சார்” என்பீர்கள். பதிவு செய்த குரலுக்கு லைன் வேண்டாம். ஒரு பென்டிரைவும் சின்ன ஒலிபெருக்கியும் போதும். “நேரம் இல்ல டீச்சர்” என்பது நியாயமான குறைதான். ஆனால் நல்ல பதிவு ஒன்று பல ஆண்டுகளுக்கு உதவும். பக்கத்துப் பள்ளியோடு மாற்றிக்கொண்டால் உழைப்பும் பாதியாகும்.

அசைபடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயம் துடிப்பதைக் காட்ட அசைபடம்தான் வேண்டும். ஆனால் எதைத் தயாரித்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: திரையை அணைத்தால் இந்தப் பாடத்தில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்றால் அந்த பவர்பாய்ண்ட்டுக்குச் செலவான இரவு வீண்.

பாட்டிகளுக்கு வயதாகிறது. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு பதிவாவது செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கு அது உதவும்.